அரசு தடை செய்த பிறகும் பணம் எப்படிப் போனது? கருங்கல் சகோதரிக்கு என் பதில்

கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன், துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஒன்றில் வைரம் (ஆட்டத்துக்குள் காசு போலச் செல்லுவது) வாங்கி வாங்கி, மூன்று வாரத்தில் அம்மாவின் வங்கிக் கணக்கிலிருந்து 23,400 ரூபாயைக் காலி செய்திருக்கிறான். கணவர் ஓமானில் வேலை செய்கிறார், அவருக்கு இன்னும் சொல்லவில்லை. "ஆன்லைன் விளையாட்டுக்கு அரசு தடை போட்டாச்சு என்று டிவியில் சொன்னார்களே, அப்புறம் இது எப்படி நடக்கிறது? பணம் திரும்பக் கிடைக்குமா? என் மகன் திருடனாகிவிட்டானா?" என்று கேட்கிறார். கேள்வி மூன்றாக இருந்தாலும் அடியில் கிடப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. கம்பெனி இலவசம் என்கிறது, அரசு தடை என்கிறது, இதில் யார் பேச்சை நம்பி வீட்டை நடத்துவது?

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரத்தில் ஒரு மொபைல் விளையாட்டு நிறுவனத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். அதில் ஐந்து வருடம், விளையாட்டுக்குள் பொருள் விற்கும் 'கடை' பகுதியை வடிவமைக்கும் குழுவில். இப்போது ஆறு வருடமாகத் தக்கலையில் கணினியும் மொபைலும் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வக்கீல் இல்லை, மருத்துவரும் இல்லை. அந்த இரண்டு பக்கமும் பேச்சு போகும்போது என் எல்லையைச் சொல்லிவிடுவேன்.

முதலில் அவசரமானது. கடைசியாகப் பணம் போனது நேற்று இரவு என்று எழுதியிருக்கிறீர்கள். பிளே ஸ்டோர் வழியாக வாங்கியதென்றால், 48 மணி நேரத்துக்குள் திரும்பக் கேட்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, பேமென்ட்ஸ் பகுதியில் வாங்கிய பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் GPA என்று தொடங்கும் ஓர் ஆர்டர் எண் இருக்கும். எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பணம் திரும்பக் கேட்கும் படிவத்தில், குடும்பத்தில் ஒருவர் என் சம்மதம் இல்லாமல் வாங்கிவிட்டார் என்ற காரணத்தைத் தேர்ந்தெடுங்கள். உண்மையும் அதுதான். நேற்றையது வரக்கூடும் என்று ஓரளவு தைரியமாகச் சொல்கிறேன். மூன்று வாரத்துக்கு முந்தையதற்கு விளையாட்டு நிறுவனத்துக்கே எழுத வேண்டும். என் கடைக்கு வந்தவர்களில் சிலருக்குப் பாதி கிடைத்தது, பலருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கேட்காமல் விட்ட யாருக்கும் கிடைத்ததில்லை, ஆகவே எழுதுங்கள். பணம் திரும்பினால் அவனுடைய விளையாட்டுக் கணக்கை நிறுவனம் முடக்கிவிடலாம். அதை அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிளே ஸ்டோரில் இல்லாமல், வாட்ஸ்அப்பிலோ இன்ஸ்டாகிராமிலோ 'பாதி விலைக்கு வைரம்' என்று விற்கும் ஆளிடம் வாங்கியிருந்தால் கதை வேறு. ஏமாற்றியிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். ஆனால் மகன் தானே வாங்கியதை, 'யாரோ ஹேக் பண்ணிவிட்டார்கள்' என்று மாற்றிப் புகார் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுக்கச் சொல்லி யோசனை தருகிறவர்கள் நம் ஊரில் நிறைய உண்டு. எந்தப் போனிலிருந்து, எந்தப் பின் நம்பர் போட்டுப் பணம் போனது என்பது வங்கிக்குத் தெரியும். 2017இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதியில், வேறொருவர் மோசடி செய்தால் மூன்று வேலை நாளுக்குள் சொல்லும் வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்லை. பின் நம்பரை நாமே கொடுத்திருந்தால், வங்கியிடம் தெரிவிக்கும்வரை போனது நம் நஷ்டம்தான்.

இனி தடை விஷயம். 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கான தடை. பணத்தைக் கட்டி, பதிலுக்குப் பணமோ அதற்குச் சமமானதோ ஜெயிக்கலாம் என்ற எதிர்பார்ப்பில் ஆடுவதுதான் அந்தச் சட்டத்தில் பண விளையாட்டு. ரம்மி, போக்கர் போன்ற சீட்டாட்டங்கள், பணம் கட்டி அணி அமைக்கும் கிரிக்கெட் ஆப்கள் எல்லாம் அதில் விழும், திறமை ஆட்டம் என்று வாதாடினாலும் விழும். நடத்துகிறவருக்கு மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். விளம்பரம் செய்தால் இரண்டு வருடம், 50 லட்சம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. பெரிய ஆப்கள் பல அந்த வாரமே பண ஆட்டத்தை நிறுத்திக்கொண்டன.

உங்கள் மகன் ஆடியது அந்த வகை இல்லை. அதில் போட்ட பணம் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வராது. துப்பாக்கிக்கு ஒரு பளபளப்பு உறை, ஆளுக்கு ஒரு சட்டை, தலையில் ஒரு தொப்பி, அவ்வளவுதான் கிடைக்கும். திரும்பி வராததாலேயே அது சூதாட்டம் ஆகாது. பணத்தைத் திருப்பித் தரக்கூடிய ஆட்டம் குற்றமாகவும், ஒருபோதும் திருப்பித் தராத ஆட்டம் பொழுதுபோக்காகவும் நிற்கிறது. சட்டத்தில் இருக்கும் இந்த இடைவெளிக்குள்தான் உங்கள் 23,400 ரூபாய் போயிருக்கிறது.

டீக்கடையில் இதற்கு ஒரு விளக்கம் தயாராக இருக்கும்: கம்பெனியும் அரசும் கூட்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரம்மியில் கடன்பட்டுத் தற்கொலை செய்துகொண்டவர்களின் செய்திகளைத் தமிழ்நாடு வருடக்கணக்காகப் பார்த்தது. 2022இல் நீதிபதி சந்துரு தலைமையில் குழு வைத்துச் சட்டம் கொண்டு வந்தார்கள். ஆளுநர் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. அந்த நவம்பரிலேயே சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று அந்தத் தடையிலிருந்து விலக்கிவிட்டது. அதன் பிறகு 2025இல் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டம் கூடாது என்று மாநில ஆன்லைன் விளையாட்டு ஆணையம் விதி போட்டது, அதை நீதிமன்றமும் ஏற்றது. இவ்வளவு இழுபறியும் பண ஆட்டத்தைச் சுற்றித்தான். நடந்த சாவுகள் அங்கே இருந்தன, அரசின் கண்ணும் அங்கே போனது. அந்தத் தடை தேவை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் 2023 அக்டோபரில் அதே ஆட்டங்களுக்கு 28 சதவீதம் ஜிஎஸ்டி போட்டு வாங்கிக்கொண்டிருந்த அரசு, இரண்டு வருடம் கழித்துத் தீமை என்று கண்டுகொண்டது. இது மக்களின் நம்பிக்கையைக் கரைக்கிறது, அந்தக் கோபம் நியாயமானது.

பப்ஜி என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்துக்கு 2020 செப்டம்பரில் தடை வந்தபோது, 'இனி பிள்ளைகள் பிழைத்தார்கள்' என்று பெற்றோர் பலர் நிம்மதிப்பட்டார்கள். அந்தத் தடை பிள்ளைகளுக்காக வரவில்லை. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு என்ற காரணம் காட்டி, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில், வேறு 117 ஆப்களோடு சேர்த்துப் போட்டது. அடுத்த ஜூலையில் அதே ஆட்டம் இந்தியப் பெயரோடு வந்தது. 2022 ஜூலையில் மறுபடி கடையிலிருந்து காணாமல் போனது, 2023 மே மாதம் திரும்பியது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் என்ற இன்னொரு துப்பாக்கி ஆட்டம் தடையானபோது, அதன் மறுபதிப்பான ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் அப்படியே நின்றது. பிள்ளைகள் ஒரே இரவில் அதற்கு மாறினார்கள். இந்தியப் பெயரோடு வந்த ஆட்டத்தில், 18 வயதுக்குக் கீழே இருந்தால் நாளுக்கு மூன்று மணி நேரம், செலவு 7,000 ரூபாய் வரை என்று நிறுவனமே ஒரு வரம்பு அறிவித்தது. நாளுக்கு ஏழாயிரம்! கருங்கல் சந்தையில் மீன் விற்கும் ஒரு வீட்டுக்கு அது எத்தனை நாள் வருமானம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதுவும் வயதைப் பிள்ளை தானே சொன்னால்தான்.

இப்போது கம்பெனி பக்கம். இங்கே நான் கேட்டதைச் சொல்லவில்லை, செய்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் ஒரு விழாக்காலச் சட்டைக்கு 600 வைரம் விலை வைத்தோம். காசுக்குக் கிடைக்கும் வைரப் பொதி 500, அடுத்தது 1,100. 600க்குப் பொதியே கிடையாது. 1,100 வாங்கினால் 500 மிச்சம். மிச்சம் கையில் இருந்தால், அடுத்த சட்டைக்கு இன்னும் நூறுதானே வேண்டும் என்று மனம் கணக்குப் போடும். அந்த நூறுக்கும் பொதி இல்லை, மறுபடி 500 வாங்க வேண்டும். மிச்சம் ஒருபோதும் பூஜ்யம் ஆகாதபடி விலைப்பட்டியல் போடுவது ஒரு தனி வேலை. நான் அதைச் செய்திருக்கிறேன். ரூபாயை வைரமாக மாற்றி வைப்பதே எதற்கு? 80 ரூபாய் என்று திரையில் இருந்தால் கை தயங்கும், 100 வைரம் என்றால் தயங்காது.

அப்புறம் அந்த முதல் 29 ரூபாய். உங்கள் மகன் முதலில் வாங்கியது மிகச் சிறிய தொகையாக இருக்கும், பட்டியலில் பாருங்கள். அதில் எங்களுக்கு வருமானம் பெரிதாக இல்லை. ஒருமுறை பணம் கட்டிப் பழகிவிட்டால் இரண்டாவது முறை சுலபம் என்பதுதான் நோக்கம். ஒருமுறை 'சலுகை முடிய 02:14:37' என்று ஓடும் கடிகாரம் வைத்தோம். அது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் முடியாது. ஆட்டத்தைத் திறந்தவுடன் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தொடங்கும், முடிந்தால் இரண்டு நாளில் வேறு பெயரில் திரும்பத் தொடங்கும். பெரும்பாலான பிள்ளைகள் ஒரு காசும் கட்டமாட்டார்கள். மிகச் சிலர் மிக அதிகம் கட்டுவார்கள். அந்தச் சிலரைத் தொழிலில் திமிங்கலம் என்பார்கள். அந்தத் திமிங்கலம் ஷார்ஜாவில் சம்பாதிக்கும் இளைஞனா, அம்மாவின் போனை வைத்திருக்கும் பதினான்கு வயசுப் பையனா என்று எங்கள் திரையில் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் கேட்டதும் இல்லை. கேட்டிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன், அது இன்னும் மனசில் கிடக்கிறது.

இதெல்லாம் என் ஊகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பிள்ளைகள் பெற்றோரின் அனுமதி இல்லாமல் வாங்கியதற்காக, 2014இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் ஆப்பிளைக் குறைந்தது 3.25 கோடி டாலரும், கூகுளைக் குறைந்தது 1.9 கோடி டாலரும் திருப்பித் தர வைத்தது. ஆப்பிளில் ஒருமுறை கடவுச்சொல் போட்டால் அடுத்த 15 நிமிடம் கேட்காமலே வாங்கலாம் என்றிருந்தது. 2022 டிசம்பரில் ஃபோர்ட்நைட் நிறுவனமான எபிக், குழப்பும் பொத்தான்களுக்காகவும் அனுமதியில்லா வசூலுக்காகவும் 24.5 கோடி டாலரும், பிள்ளைகளின் தகவல் விஷயத்தில் இன்னொரு 27.5 கோடியும் கட்ட ஒப்புக்கொண்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் பரிசுப் பெட்டிகளை 2018இல் பெல்ஜியம் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டது. ஆக இதைப் பிடிக்க முடியாது என்பது சரியில்லை. பிடித்திருக்கிறார்கள்.

நம்மிடமும் விதி உண்டு. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஏமாற்று வடிவமைப்புகள் என்று 13 வகையைப் பட்டியலிட்டுத் தடுத்தது. பொய்யான அவசரம் காட்டுவது அதில் ஒன்று. நான் வைத்த கடிகாரம் அப்பட்டமாக அதற்குள் வரும். ஆனால் என் கடைக்கு வந்த ஒரு பெற்றோர்கூட அந்தப் பட்டியலைக் கேள்விப்பட்டதில்லை. பப்ஜி தடை தலைப்புச் செய்தியாக வந்தது, இது வரவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915. தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. 'மகன் விளையாடினான்' என்று மட்டும் சொல்லாமல், திரையில் ஓடிய கடிகாரத்தையும் வைரப் பொதிக் கணக்கையும் சேர்த்துப் புகார் சொல்லுங்கள்.

சிறுவன் செய்த ஒப்பந்தம் செல்லாது, அதனால் முழுப்பணத்தையும் வாங்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டமும், 1903இல் ஆங்கிலேயர் காலத்து உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொன்ன தீர்ப்பும் 18 வயதுக்குக் கீழே உள்ளவரின் ஒப்பந்தம் செல்லாது என்கின்றன, இது உறுதி. ஆனால் கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறது, பின் நம்பர் உங்களுடையது. வாங்கியது நீங்கள்தான் என்று நிறுவனம் சொல்லும். நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, போகலாம். இந்த வாதம் அங்கே எடுபடுமா என்பதை ஒரு வக்கீல்தான் சொல்ல வேண்டும். 23,400 ரூபாய்க்காக அவ்வளவு தூரம் அலைய உங்களுக்கு வசதிப்படுமா என்பதையும் யோசியுங்கள்.

மகன் திருடனா என்ற கேள்விக்கு வருகிறேன். இதைப் படித்தபோதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது: "கரண்ட் பில் கட்டுவது, கேஸ் புக் பண்ணுவது, அவர் அனுப்பிய பணம் வந்ததா என்று பார்ப்பது எல்லாம் அவன்தான், எனக்கு அந்த ஆப் ஓட்டத் தெரியாது." பதினான்கு வயதில் அவனை வீட்டின் கணக்கப்பிள்ளையாக வைத்திருக்கிறீர்கள். குற்றம் சொல்லவில்லை. வளைகுடாவுக்குப் போனவர்களின் வீடுகளில் பாதி இப்படித்தான் ஓடுகிறது. போனும் அவன் ஆசைப்பட்டுக் கேட்டு வந்ததில்லை, 2020இல் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கியது என்கிறீர்கள். பீரோவை உடைத்துப் பணம் எடுத்த பையன் வேறு, சாவியைக் கையில் வைத்திருந்த பையன் வேறு. செய்தது தப்பு என்று அவனுக்குத் தெரியும், வங்கியிலிருந்து வந்த மெசேஜை அழித்திருக்கிறான் அல்லவா? ஆனால் எவ்வளவு என்று அவனுக்குத் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். சென்ற வருடம் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி பேரனைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். ரப்பர் ஷீட் விற்ற காசு போய்விட்டது. பட்டியலை ஒரு தாளில் அவனையே எழுதிக் கூட்டச் சொன்னேன். 79, 79, 159, 399 என்று எழுதிக்கொண்டே வந்தவன் பதினோராயிரத்தைத் தாண்டியதும் பேனாவை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு பாட்டி அவனைத் திட்டவில்லை.

விளையாட்டு பிள்ளையைக் கெடுத்துவிடும், துப்பாக்கி ஆட்டம் ஆடினால் கொலைகாரனாவான் என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். அந்தத் தொடர்பு பற்றி ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு குளச்சல் பையன் வெள்ளிக்கிழமை தோறும் துபாயில் இருக்கும் அப்பாவோடு ஒரே அணியில் ஆடுகிறான். வாரத்தில் அவர்கள் இருவரும் அதிகம் பேசிக்கொள்வது அந்த ஒரு மணி நேரத்தில்தான். அடிமையாகிவிட்டானா என்பதற்கு நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனம் விளையாட்டுக் கோளாறு என்று ஒன்றை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. கட்டுப்பாடு இழப்பது, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டம் பெரிதாவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இவை சாதாரணமாகப் பன்னிரண்டு மாதம் இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் மகன் பள்ளிக்குப் போகிறான், சாப்பிடுகிறான், மாலையில் பந்து விளையாடப் போகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். உறக்கம், சாப்பாடு, படிப்பு மூன்றும் குலைந்தால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான 14416க்குப் பேசுங்கள். அதுவரை அந்தப் பெயரை அவன்மேல் ஒட்ட வேண்டாம்.

இன்று செய்யக்கூடியது இவ்வளவுதான். யுபிஐ பின் நம்பரை மாற்றுங்கள், பிறந்த வருடம் வேண்டாம். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள், அதில் சேமித்து வைத்த கார்டு இருந்தால் நீக்குங்கள். மாதச் செலவுக்கு வேண்டியதை மட்டும் போட்டு வைக்க வேறொரு கணக்கு தொடங்கி, போனில் அதை மட்டும் இணையுங்கள். கரண்ட் பில் கட்ட நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். அவனையே சொல்லித்தரச் சொல்லுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து. தெரியாவிட்டால் தக்கலைப் பக்கம் வரும்போது கடைக்கு வாருங்கள், பத்து நிமிட வேலை, காசு வேண்டாம்.

கணவருக்குச் சொல்வதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சொல்லுங்கள். அடுத்த மாதம் பணம் பற்றாமல் போகும்போது எப்படியும் தெரிந்துவிடும், அப்போது மகனைவிட உங்கள்மேல்தான் வருத்தப்படுவார். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. அதற்குள் பட்டியலை மகனை எழுதிக் கூட்ட வையுங்கள், பணம் திரும்பக் கேட்டு அனுப்பியதையும் எடுத்து வையுங்கள். வீடியோ காலில் முதல் ஐந்து நிமிடம் நீங்கள் பேசுங்கள், அப்புறம் அந்தத் தாளை அவன் கையில் கொடுத்து அவனையே வாசிக்க விடுங்கள்.